புறாவுக்கு முள்ளா, வலையா: ஷீட் கூரைக்காரனின் கணக்கு

மூன்று வருடத்துக்கு முன், ஐப்பசி மழையின் இரண்டாம் நாள் காலையில் குடோனைத் திறந்தால், மக்காச்சோள அடுக்கின் மேல் மூட்டைகள் நான்கு ஊறிப்போய்க் கிடந்தன. அண்ணாந்து பார்த்தேன். ஷீட்டின் அடிப்பக்கம் ஒரு சில்லு பெயர்ந்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் தலைமுடி போல விரிசல் ஓடியிருந்தது. ஆடி மாதம் லீவுக்கு வந்த மச்சினன் ‘புறா அடிக்கிறேன்’ என்று ஏர்கன்னோடு சுற்றினான் அல்லவா, அதன் பலன். அவன் அடித்த புறா மொத்தம் இரண்டு. நனைந்த சோளத்தில் பூஞ்சை பிடித்துவிட்டதால் மாட்டுக்கும் போட முடியவில்லை; பூஞ்சைத் தீவனத்தில் இருக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு பாலிலும் இறங்கும். நான்கு மூட்டையும் எருக்குழிக்குப் போனது.

எங்கள் தோட்டம் உடுமலைப்பேட்டைப் பக்கம். கட்டடம் இரண்டு. மாட்டுச்சாலை 60 அடிக்கு 24 அடி, பக்கவாட்டில் இடுப்பளவுச் சுவர், அதற்கு மேல் திறந்த வெளி, கூரையைத் தாங்கும் இரும்பு டிரஸ் (முக்கோணச் சட்டம்), ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட். அடுத்தது தீவனக் குடோன்; நான்கு பக்கமும் முழுச்சுவர், அதே ஷீட். இரண்டிலும் சேர்த்து அறுபது எழுபது மாடப்புறா இருக்கும். தீவனத் தொட்டியில் எச்சம், தண்ணீர்த் தொட்டியில் இறகு, பால் கறக்கும் இடத்தில் தலையில் விழுவது என்று எல்லாம் உண்டு. பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்குக் கவலை இன்னும் அதிகம். கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் நோய்க் கிருமியின் ஒரு வகை புறாவிலேயே சுற்றிக்கொண்டிருப்பது.

சரி, என்னென்ன வழி இருக்கிறது? சில்லறை வழிகளை முதலில் தள்ளிவிடலாம்.

சிந்திய தீவனத்தை அன்றன்றைக்குக் கூட்டுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். செய்தால் வரத்து குறையும், நிற்காது. சோளக்காட்டில் கட்டுகிற மின்னும் ரிப்பன் காட்டுக்குச் சரி. காற்றும் வெயிலும் இருந்தால்தான் அது ஆடும், மின்னும். கொட்டகைக்குள் சும்மா தொங்கும். பிளாஸ்டிக் ஆந்தை ஒன்று வாங்கி வைத்தேன். ஐந்தாவது நாள் அதன் தலைமேல் ஒரு புறா உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தது. மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பும் கருவி என்று விற்கிறார்களே, அது புறாவின் காதுக்கும் கேட்காது. புறா கேட்கும் மேல் எல்லை நம்முடையதைவிடக் குறைவு. கூண்டு வைத்துப் பிடித்துத் தொலைவில் விடுவது இன்னொன்று. பக்கத்துத் தோட்டத்துக்காரர் பதினான்கு புறாவைப் பிடித்து தாராபுரம் தாண்டிக் கொண்டுபோய் விட்டார். மறுநாள் காலை தீவனம் போடும் நேரத்துக்கு அவை வந்துவிட்டன. கடிதம் கொண்டுபோகப் பழக்கிய இனம், வேறென்ன செய்யும்? விஷம் வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். பால் மாடு நிற்கிற இடம்.

மிச்சம் இருப்பது இரண்டு. உட்காரும் இடத்தில் முள் வைப்பது, உட்காரும் இடத்துக்கே போகாமல் வலை கட்டுவது. நான் இரண்டையும் செய்து பார்த்தேன், முதலில் முள்.

முள்ளின் மேல் எனக்கு ஆசை வரக் காரணம், அது சின்ன வேலையாகத் தெரிந்தது. ஒரு அடி நீளப் பட்டை, அதில் குத்திட்டு நிற்கும் கம்பிகள், வாங்கி ஒட்டினால் முடிந்தது. ஆனால் கொட்டகைக்குள் புறா உட்காரும் இடங்களை அளந்து பார்த்தால்தான் தெரியும். டிரஸ் ஐந்து, ஒவ்வொன்றின் கீழ் ஆங்கிள் (எல் வடிவ இரும்புச் சட்டம்) 24 அடி. டிரஸ்களைச் சேர்த்துப் பிடிக்கும் நீளவாட்டு ஆங்கிள் இரண்டு, தலா 60 அடி. பக்கச் சுவர்களின் தலை இரண்டு, அதுவும் தலா 60 அடி. இதற்கே 360 அடி ஆகிவிட்டது. சாய்வு ஆங்கிள்கள், ஃபேன் தொங்கும் கம்பி, வயர் போகும் குழாய் எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை. ஒரு இடம் விட்டுப்போனால் மொத்தப் புறாவும் அந்த ஒரு இடத்துக்கு வரும். நான் மாட்டுச்சாலையில் பாதிக்கு மட்டும் அடித்தேன். மறுபாதியில் கூட்டம் இரட்டிப்பானது.

ஒட்டுவதும் லேசில்லை. பழைய இரும்பு ஆங்கிளில் எச்சமும் தூசியும் மாட்டுச்சாலைப் பிசுக்கும் படிந்திருக்கும். சுரண்டிக் கழுவிக் காயவிடாமல் சிலிக்கான் பசை வைத்தால் கோடையில் உரிந்து தொங்கும். கேபிள் டை போட்டு இறுக்கியவைதான் நின்றன. அப்புறம், முள்ளில் குச்சி மாட்டிக்கொள்ளும் என்று நான் யோசிக்கவே இல்லை. புறா குச்சி குச்சியாகக் கொண்டுவந்து முள் நடுவே போட்டு, ஒரு மாதத்தில் அதையே அடித்தளமாக வைத்துக் கூடு கட்டிவிட்டது. காற்றுக்கும் விழாத கூடு.

உள்ளே வைத்த முள்ளோடு விட்டிருந்தால் நஷ்டம் பணத்தோடு போயிருக்கும். முகட்டிலும் புறா உட்காருகிறதே என்று கூரைமேலும் முள் வைக்க நினைத்ததுதான் தவறு. முள்ளுக்கும் வலைக்கும் நடுவில் எனக்கு முடிவு சொன்னது இந்த இடம்தான், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

சிமெண்ட் ஷீட் என்பது ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் கனம். பாரம் தாங்குகிற மாதிரி தெரியும். பத்து வருடம் வெயிலும் மழையும் பட்ட ஷீட் எப்போது காலை வாரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஏறியே ஆகவேண்டும் என்றால் போல்ட் வரிசைக்கு நேராக, அதாவது அடியில் ஷீட்டைத் தாங்கும் பர்லின் சட்டம் இருக்கும் கோட்டில், நீளப் பலகை போட்டு அதன்மேல்தான் நகர வேண்டும். ஷீட் உடைந்து உள்ளே விழுந்து செத்தவர்கள் கதை எல்லா ஊரிலும் உண்டு. எனக்கு வேலைக்கு வந்த ஃபிட்டர் பலகை போட்டுத்தான் ஏறினார், ஆனாலும் முகட்டு ஓட்டின் காதுப்பக்கம் ஒன்றில் விரிசல் விட்டது.

சரி, ஒரு ஷீட்தானே, மாற்றிவிடலாம் என்றால் அதுவும் அப்படி இல்லை. ஷீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். நடுவில் ஒன்றை உருவ வேண்டுமானால் மேல் ஷீட்டின் போல்ட்டையும் பக்கத்து ஷீட்டின் போல்ட்டையும் தளர்த்த வேண்டும். ஷீட்டைப் பர்லினோடு பிடிக்கும் கொக்கி போன்ற ஜே போல்ட் துருப்பிடித்தால் சுற்றாது, அறுக்க வேண்டும். அந்த ஆட்டத்தில் பக்கத்து ஷீட் விரியும். ஒன்று மாற்றப்போய் மூன்று மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். புதிதாகத் துளை போடுவது இன்னும் மோசம். ஒவ்வொரு துளையும் ஒரு ஒழுகல் வாய். அதோடு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் துளைத்தாலும் அறுத்தாலும் பறக்கும் தூசி நுரையீரலுக்கு ஆகவே ஆகாது.

இந்தக் கணக்கோடு பார்த்தால் முள், ரிப்பன், புறாவின் காலில் ஒட்டும்படி தடவுகிற ஒட்டும் பசை எல்லாவற்றுக்கும் ஒரே குறை. கூரைமேல் வைத்த எதுவும் ஒருநாள் பழுதாகும், பழுதானால் மறுபடி ஏற வேண்டும். எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்தால் ரிப்பன் ஒரு வாரம் தாங்காது. வருடத்துக்கு ஒருமுறை ஏறினாலும் பத்து வருடத்தில் பத்து ஏற்றம். புறா கெடுத்ததைவிட நாம் கெடுத்தது அதிகமாக இருக்கும். தகரக் கூரை வைத்திருப்பவர்களுக்கு ஏறும் பயம் குறைவு, ஆனால் எச்சத்தின் அமிலம் துத்தநாகப் பூச்சைத் தின்னும். அவர்கள் முகட்டுப் பக்கத்தையும் மழைநீர்த் தொட்டியையும் வருடம் ஒருமுறையாவது கழுவத்தான் வேண்டும்.

வலையில் கூரையைத் தொடவே வேண்டியதில்லை. வேலை முழுக்க அடியிலிருந்து. ஃபிட்டரிடம் சொன்னதும் அவர் முகமே மாறிவிட்டது: “ஏனுங்க, மேல ஏறாம முடியும்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க.”

நாங்கள் செய்தது இது. மாட்டுச்சாலையில் டிரஸ்ஸின் கீழ் ஆங்கிள் மட்டத்தில், நான்கு ஓரத்திலும் கம்பி வடம் இழுத்து, டர்ன்பக்கிள் என்ற திருகு போட்டு முறுக்கி இறுக்கினோம். நடுவிலும் 12 அடிக்கு ஒரு வடம். அதன்மேல் வலை, ஓரங்களை வளையம் போட்டு வடத்தோடு கோத்தது. மொத்தம் 1440 சதுர அடி. வெயிலுக்குத் தாங்கும்படி செய்த எச்டிபிஇ பிளாஸ்டிக் வலை, கண் அளவு 50 மில்லிமீட்டர். புறாவுக்கு அது போதும். சிட்டுக்குருவிக்கும் தடை வேண்டுமென்றால் 19 மில்லிமீட்டர் வாங்க வேண்டும். நான் வேண்டாம் என்று விட்டேன். குருவி உள்ளே வந்து போகட்டும், அது தின்கிற தீவனம் எவ்வளவு?

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வடத்தை டிரஸ்ஸிலோ தூணிலோ கட்டுங்கள். ஷீட்டைப் பிடித்திருக்கும் ஜே போல்ட்டின் வால் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கும், ஆட்கள் சுலபமாக அதில் மாட்டிவிடுவார்கள். வலையின் இழுப்பில் போல்ட் அசைந்து, மேலே வாஷர் தளர்ந்து, அடுத்த மழைக்கு அந்த இடமெல்லாம் சொட்டும். எங்கள் வேலையிலும் இரண்டு இடத்தில் அப்படி மாட்டியிருந்தார்கள். சாயங்காலம் சுற்றிப் பார்த்தபோது கண்ணில் பட்டதால் தப்பியது.

குடோனில் வேறு மாதிரி. அங்கே சுவர் இருப்பதால், சுவர்த் தலைக்கும் ஷீட்டின் அலைக்கும் நடுவிலுள்ள சந்துகளையும் காற்றுத் துளைகளையும் மட்டும் கோழிவலை வைத்து உள்பக்கமாக அடைத்தோம். சிமெண்ட் வைத்துப் பூசிவிடலாம் என்று கொத்தனார் சொன்னார். கேட்டிருந்தால் காற்றோட்டம் போய்ச் சோளம் வியர்த்திருக்கும். கதவுக்குத் தொங்கும் பிளாஸ்டிக் பட்டைத் திரை போட்டோம், டிராக்டர் அப்படியே நுழையும்.

கட்டுவதற்கு முன் பொறுமை வேண்டும். புறா இரண்டு முட்டை இடும், 18 நாள் போல அடை, அப்புறம் ஒரு மாதம் குஞ்சு பறக்க. வருடம் முழுக்க இதே வேலை. குஞ்சோடு அடைத்தால் மேலே செத்து நாறும், பாவமும் கூட. முட்டையில்லாத கூடுகளை வாரம் ஒருமுறை கலைத்துக்கொண்டே வந்தோம். முட்டை இருந்த இரண்டு கூட்டுக்காக ஒன்றரை மாதம் காத்திருந்தோம். பிறகு நடுப்பகலில், எல்லாம் மேயப் போன நேரத்தில் கடைசி ஓரத்தைக் கோத்தோம். எச்சத்தை வழிக்கும்போது தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, முகக்கவசம் போட்டுத்தான் வழிக்க வேண்டும். காய்ந்த எச்சத் தூசியில் பூஞ்சை வித்துகள் இருக்கும், நெஞ்சுக்குள் போனால் ஆபத்து.

செலவு? எனக்கு வலை, வடம், கூலி எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு 15 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே முடிந்தது, அதாவது 21,000 ரூபாய் போல. முழுக் கொட்டகைக்கும் நல்ல முள் வாங்கியிருந்தாலும் அதே அளவு ஆகியிருக்கும். முதல் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை, பின்னாலே வருவதில்தான்.

வலைக்கும் பராமரிப்பு உண்டு. மேலே சருகும் ஒட்டடையும் சேர்ந்து தொய்யும்; நீளக் கோலில் துடைப்பம் கட்டி மாதம் ஒருமுறை அடியிலிருந்தே தட்டிவிடுகிறேன். ஓரத்தில் ஒரு கை நுழையும் சந்து விழுந்தால் புறா கண்டுபிடித்துவிடும், உள்ளே போனது வெளியே வரத் தெரியாமல் அடித்துக்கொள்ளும். அதற்காக ஒரு மூலையில் அவிழ்த்துக் கட்டும்படி வாய் விட்டிருக்கிறோம். மூன்று வருடத்தில் அதை நான்கு முறை திறந்திருக்கிறேன். ட்யூப்லைட்டையும் ஃபேனையும் வலைக்குக் கீழே இறக்கியது தனிச் செலவு.

இன்னொரு நஷ்டமும் உண்டு. குடோனில் ஒரு கூகை ஆந்தை வந்து போய்க்கொண்டிருந்தது. எலிக்கு அதைவிட நல்ல காவல் இல்லை. சந்துகளை அடைத்ததும் அதன் வழியும் அடைபட்டது. தென்னையில் பெட்டி ஒன்று கட்டி வைத்திருக்கிறேன், இன்னும் குடிவரவில்லை. எலி கூடியிருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

முள்ளே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். மோட்டார் ரூம் சன்னல் திட்டு, கேட்டுத் தூணின் தலை போன்ற குறுகிய, ஏணி வைத்தால் எட்டும் இடங்களில் மிச்சமிருந்த பட்டைகளை வைத்தேன், நன்றாகவே வேலை செய்கின்றன. ஸ்டீல் கம்பி வைத்தவை அப்படியே இருக்கின்றன. முழு பிளாஸ்டிக் முள் வெயிலில் வெளுத்து, தொட்டால் முறிகிறது. ஒட்டும் பசையை நான் கையால் தொட்டதில்லை. ஒரு கோழிப்பண்ணையில் பார்த்தேன். தூசி படிந்து மண் மாதிரி ஆகியிருந்தது, அதில் ஒரு தேன்சிட்டின் இறகு.

வலை எத்தனை வருடம் உழைக்கும் என்பதில் என் அனுபவம் மூன்று மழைக்காலத்தோடு நிற்கிறது. நிழலில் இருக்கும் பகுதி புதிது போலவே இருக்கிறது. மேற்கு ஓரத்தில் சாயங்கால வெயில் படுகிற நாலு அடிப் பட்டையில் மட்டும் நூல் வெளுத்திருக்கிறது. போன வாரம் இழுத்துப் பார்த்தேன், அறவில்லை. சித்திரையில் இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் அந்தப் பட்டையை மட்டும் மாற்றுவதாக இருக்கிறேன்.