பிபிடி முடித்தவருக்குக் கனடாவில் எது: ஆய்வு மாஸ்டர்ஸா, தொழில்முறை மாஸ்டர்ஸா, பிசியோ உரிமமா?

பிசியோதெரபி இளநிலைப் பட்டமான பிபிடியை முடித்துவிட்டுக் கனடா வர நினைப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: “அக்கா, பிசியோ சீட் கிடைக்கிறது கஷ்டம்னு சொல்றாங்க. கினீசியாலஜியில மாஸ்டர்ஸ் பண்ணிட்டு அப்படியே பிசியோவா மாறிடலாமா?”

முடியாது. கினீசியாலஜி என்பது உடலசைவைப் படிக்கும் துறை, பிசியோதெரபி வேறு. கன்சல்டன்சிகளில் இதை யாரும் உடைத்துச் சொல்வதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். முன்னால் இருப்பவை மூன்று வழிகள்: கினீசியாலஜியில் ஆய்வேடு எழுதும் எம்எஸ்சி, அதே துறையில் ஆய்வேடு இல்லாத தொழில்முறை மாஸ்டர்ஸ், நேராகப் பிசியோ உரிமம். நான் ஒன்டாரியோ மாகாணத்தில் வேலை செய்வதால் இங்குள்ள நடைமுறையை வைத்தே பேசுகிறேன்.

முதலில் கினீசியாலஜி உரிமத்தைப் பார்த்துவிடுவோம். ஒன்டாரியோவில் கினீசியாலஜி சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. 2013 ஏப்ரல் 1 முதல், ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு செய்தவர் மட்டுமே தன்னைக் கினீசியாலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். பதிவுக்கு வேண்டியது கினீசியாலஜியில் நான்காண்டு இளநிலைப் பட்டம் அல்லது அதற்கு இணையான படிப்பு, அப்புறம் ஒரு தேர்வு. மாஸ்டர்ஸ் கட்டாயமே இல்லை.

பதிவு கிடைத்த பிறகும் பிசியோ செய்வதையெல்லாம் நீங்கள் செய்ய முடியாது. தோள்வலி என்று ஒருவர் வருகிறார். கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்கிறீர்கள். 60 டிகிரி தாண்டியதும் முகத்தைச் சுளிக்கிறார், 120 தாண்டியதும் வலி குறைகிறது. பிபிடி படித்தவருக்கு அந்த இடத்திலேயே பிரச்சினையின் பெயர் வாயில் வந்து நிற்கும். ஒன்டாரியோவில் பிசியோ அதை நோயாளியிடம் சொல்லலாம், கினீசியாலஜிஸ்ட் சொல்லக்கூடாது. டயக்னோசிஸ் சொல்வதும், முதுகெலும்பைக் கையால் சட்டென்று அழுத்தி அசைக்கும் மானிபுலேஷன் செய்வதும் சட்டம் சில தொழில்களுக்கு மட்டும் கொடுத்திருக்கும் அதிகாரம். பில்லிலும் வித்தியாசம் உண்டு: பிசியோ கட்டணத்துக்கு விற்பனை வரி விலக்கு இருக்கிறது, கினீசியாலஜிக்கு 13 சதவீதம் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். நாலரை வருடம் பிபிடி படித்தவருக்கு இதெல்லாம் தினமும் உறுத்தும். அந்த உறுத்தலோடு காலம் தள்ள முடியுமா என்று முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, அப்படியென்றால் கினீசியாலஜி மாஸ்டர்ஸ் யாருக்கு?

உடலசைவை அளந்து பார்ப்பதில் ஆசை உள்ளவருக்கு, ஆய்வேடு எழுதும் எம்எஸ்சி மாதிரி ஒரு படிப்பு இல்லை. உலகின் முதல் கினீசியாலஜி துறை என்று சொல்லப்படுவது வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1967-இல் தொடங்கியது. நடையை அளப்பதற்கு இலக்கணம் வகுத்த டேவிட் வின்டர், முதுகுத்தண்டின் மேல் விழும் பாரத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் இருவரும் அங்கே பாடம் நடத்தியவர்கள். மெக்மாஸ்டர், வெஸ்டர்ன் போன்ற இடங்களிலும் நல்ல லேப்கள் இருக்கின்றன.

லேப் வேலை வெளியிலிருந்து பார்க்கும்போது பளபளப்பாகத் தெரியும். ஆய்வுக்கு வந்தவரின் தொடையில் முடியை மழித்து, ஆல்கஹால் வைத்துத் துடைத்து, தசையின் மின்துடிப்பைப் பிடிக்கும் எலெக்ட்ரோடை ஒட்ட வேண்டும். இடுப்பு, முட்டி, கணுக்கால் எலும்புகளை விரலால் தடவிக் கண்டுபிடித்து, ஒளியைத் திருப்பும் குட்டிக் குட்டி மார்க்கர்களை ஒட்ட வேண்டும். கால் ஊன்றும் விசையை அளக்கத் தரையில் பதித்த ஃபோர்ஸ் பிளேட்டில் அவர் கால் சரியாக விழும்வரை நடக்கச் சொல்ல வேண்டும். நாலாவது நடையில் வேர்வையில் ஒரு மார்க்கர் கழன்று விழும். மறுபடி முதலிலிருந்து. இதெல்லாம் முடிந்தபின் மாதக்கணக்கில் கணினி முன்னால் உட்கார்ந்து தரவைச் சுத்தம் செய்வதுதான் உண்மையான படிப்பு. இந்தப் பொறுமை இருப்பவர்கள் தயங்காமல் வாருங்கள். டீச்சிங் அசிஸ்டென்ட் வேலையும் ஸ்டைபெண்டும் பெரும்பாலும் இந்த வழியில்தான் கிடைக்கும், பிஎச்டிக்கும் இதுதான் வாசல்.

இது உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள விமானம் ஏற வேண்டியதில்லை. சென்னை போரூரில் ஸ்ரீராமச்சந்திராவில் ஐசிசி அங்கீகரித்த பந்துவீச்சுப் பரிசோதனை மையம் இருக்கிறது. பந்துவீச்சாளரின் முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிர்கிறதா என்று பார்ப்பதும் இதே மாதிரி மார்க்கரும் கேமராவும் வைத்துத்தான். ஊரில் இப்படி ஒரு லேபில் சில வாரம் இருந்து பார்க்க வழி கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

தொழில்முறை மாஸ்டர்ஸ் வேறு ரகம். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் மாஸ்டர் ஆஃப் புரொஃபெஷனல் கினீசியாலஜியும் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மாஸ்டர் ஆஃப் கினீசியாலஜியும் இந்த வகை. ஆய்வேடு கிடையாது, பாடங்கள்தான். டொராண்டோ படிப்பில் நேரடிப் பயிற்சியும் சேர்ந்து வரும். இதய நோயாளிகளுக்கான மறுவாழ்வு மையம், வேலையில் அடிபட்டவரைத் திரும்ப வேலைக்கு அனுப்பும் கிளினிக், வேலையை உடலுக்கு ஏற்றபடி அமைக்கும் தொழிற்சாலை எர்கனாமிக்ஸ், இவைதான் களம். கிடங்குக்குப் போய்ப் பெட்டியை எடை போட்டு, அலமாரி உயரத்தை டேப்பால் அளந்து, தள்ளுவண்டியை நகர்த்த எவ்வளவு விசை வேண்டும் என்று கருவி வைத்துக் குறித்து, “முதுகு அடிபட்டவர் இந்த வேலையை இப்போது செய்யலாம், அதைச் செய்யக்கூடாது” என்று அறிக்கை எழுதுவது எனக்கு மிகவும் மதிப்பான வேலையாகப் படுகிறது. ஒரு குடும்பத்தின் சம்பளம் அந்த அறிக்கையை நம்பி இருக்கிறது.

இதய மறுவாழ்வில் தமிழ் தெரிந்தவர்கள் மிகவும் தேவை. ட்ரெட்மில்லில் நடப்பவரிடம் எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று 6 முதல் 20 வரையுள்ள போர்க் அளவையில் எண் கேட்போம். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு தமிழ்ப் பாட்டி எண் சொல்ல மாட்டார், “பரவாயில்லை பிள்ளை” என்பார். மூச்சு வாங்கிக்கொண்டே சொல்லும் அந்தப் பரவாயில்லை 11-ஆ 15-ஆ என்று புரிந்துகொள்ள அவர் பேச்சு தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் பணம்? தொழில்முறைப் படிப்பில் உதவித்தொகை அரிது, வெளிநாட்டு மாணவர் கட்டணமும் கடுமை. விசா விதியையும் சேர்த்துப் பாருங்கள். 2024 பிப்ரவரி 15 முதல், இரண்டு வருடத்துக்குக் குறைவான மாஸ்டர்ஸ் முடித்தவருக்கும் மூன்று வருட வொர்க் பெர்மிட் கிடைக்கலாம். கணவனோ மனைவியோ கூட வந்து வேலை செய்ய வேண்டுமென்றால் படிப்பு 16 மாதமாவது இருக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் விதி வந்தது. கல்யாணமானவர்கள் ஓராண்டுப் படிப்பில் சேரும் முன் இதைக் கணக்குப் போடுங்கள்.

மூன்றாவது வழியில் புதுப் பட்டமே வேண்டாம். உங்கள் பிபிடியைக் கனடாவின் பிசியோதெரபி ஒழுங்குமுறை அமைப்புகளின் கூட்டமைப்புக்கு அனுப்பினால், பாடத்தையும் பயிற்சி நேரத்தையும் மதிப்பிட்டு, தகுதி இருந்தால் தேர்வுக்கு அனுமதிப்பார்கள். சிரமமான தேர்வு, காகித வேலையும் நிறைய. கல்லூரியிலிருந்து சிலபஸை முத்திரையோடு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இருந்தாலும் நோயாளியைத் தொட்டு வைத்தியம் பார்ப்பதுதான் உங்கள் ஆசை என்றால் இதைத்தான் சொல்வேன். மாஸ்டர்ஸ் ஆசை அதன் பிறகும் காத்திருக்கும்.

அமெரிக்கா பற்றிச் சுருக்கமாக: அங்கே பிசியோவுக்குரிய படிப்பு டிபிடி என்ற டாக்டர் பட்டம். கினீசியாலஜி மாஸ்டர்ஸ் அதற்கு ஈடாகாது. விளையாட்டு வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் அத்லெடிக் டிரெய்னர் ஆவதற்கும் அதற்கென்று அங்கீகாரம் பெற்ற தனி மாஸ்டர்ஸ் வேண்டும். இந்த மாஸ்டர்ஸும் கினீசியாலஜி மாஸ்டர்ஸும் பல இடங்களில் ஒரே துறையின் கூரையின் கீழ் இருப்பதால் பலர் குழம்பிப்போகிறார்கள்.

எம்எஸ்சிதான் என்று முடிவு செய்தவர்களுக்கு ஒரு விஷயம். பல இடங்களில் உங்களை எடுத்துக்கொள்ள ஒரு பேராசிரியர் சம்மதிக்காமல் விண்ணப்பம் நகராது. பல்கலைக்கழகப் பெயரைப் பார்த்து நூறு பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பாதீர்கள். அவர் அண்மையில் எழுதிய இரண்டு கட்டுரைகளைப் படித்து, அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியையும், பிபிடியில் நீங்கள் பார்த்த எந்த நோயாளியால் அந்தக் கேள்வி வந்தது என்பதையும் நாலு வரியில் எழுதுங்கள். ஸ்டைபெண்ட் எவ்வளவு, அவரிடம் படித்தவர்கள் எத்தனை மாதத்தில் முடித்தார்கள் என்பதையும், சேர ஒப்புக்கொள்ளும் முன் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.