சம்பங்கிக் கிழங்கு: ஆனி நடவா, மாசி நடவா?

கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளைப் பக்கம் சம்பங்கி போடுகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஆனி, ஆடியில் நடுகிறவர்கள் ஒரு பக்கம், தை கழிந்து மாசியில் நடுகிறவர்கள் இன்னொரு பக்கம். எங்கள் விளையில், அதாவது தோட்டத்தில், அடுத்தடுத்த பாத்தியில் இரண்டையும் செய்து பார்த்தேன். கிணறு இருந்தால் என் ஓட்டு மாசிக்குத்தான்.

ஆனி நடவைக் குறை சொல்லிவிட முடியாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையும் ஜூன், ஜூலைதான். ஆனால் நம் மாவட்டத்துக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி மழை என்று இரண்டு மழை. ஆனியில் நட்ட கிழங்கு மூன்று, நான்கு மாதத்தில் கதிர் விடும்போது சரியாக ஐப்பசி மழை வந்து நிற்கும். நனைந்த மொட்டின் நுனி பழுப்பேறிவிட்டால் சந்தையில் யாரும் கையில் எடுத்துக்கூடப் பார்ப்பதில்லை. அதற்கு முன்பே ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வேறு. முப்பந்தல் காற்றாலைகள் ஓயாமல் சுற்றும் அந்த மாதங்களில் மேல்மண் காலையில் நனைத்தால் மாலையில் காய்ந்து கிடக்கும். மாவட்டத்தின் மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் கதை வேறு. அங்கே காற்றைவிட மழைதான் எதிரி, வேர் பிடிக்காத கிழங்கு அழுகிப்போகும்.

மாசியில் நட்டால் மழை ஓய்ந்து மண் பதமாக இருக்கும். வைகாசி வாக்கில் பூ தொடங்கி, ஆவணி ஓணத்துக்குக் கேரளத்து வண்டிகள் வந்து நிற்கும்போது பாத்தி நிறைந்திருக்கும். ஐப்பசி மழை வருவதற்குள் வேரும் ஊன்றிவிடும். செலவு பங்குனி, சித்திரைத் தண்ணீரில்தான். கிணறு இல்லாமல் கால்வாயை நம்பியிருப்பவர்கள் மாசியை நினைக்கவே வேண்டாம். பேச்சிப்பாறை அணைத் தண்ணீரை வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் திறந்து பிப்ரவரி கடைசியில் அடைத்துவிடுவார்கள். அவர்களுக்கு ஆனிதான், கிழங்கு நடும் மேட்டை, அதாவது பாரை, மட்டும் உயர்த்திப் போட வேண்டும்.

ஒருமுறை நட்டால் மூன்று வருடம் நிற்கிற பயிர், முதல் வருடம் முன்பின் ஆனால் என்ன என்று கேட்பார்கள். முதல் மழைக்காலத்தில் அழுகிய கிழங்கின் இடம் மூன்று வருடமும் சொட்டையாகவே கிடக்கும்.

மாதத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது கிழங்கின் ஓய்வு. தோண்டிய கையோடு நட்ட ஒரு வருடம் பாதி முளைத்தது, பாதி மண்ணுக்குள் சும்மா கிடந்தது. ஒரு மாதம் நிழலில் பரப்பி வைத்து நட்டதோ ஒரே சீராக வந்தது. கனடாவில் இருக்கும் அண்ணன் மகள் லில்லிக் கிழங்கை இலையுதிர் காலத்தில் தோண்டினால் அன்றைக்கே நட்டுவிடுவாள். அந்தக் கிழங்குக்கு மேல்தோல் கிடையாது, வெளியே கிடந்தால் வற்றிப்போகும். மண் உறைவதற்குள் வேர்விட அதற்குச் சில வாரமும் வேண்டும். நம் சம்பங்கிக்குக் காகிதம்போலப் பழுப்புத் தோல் இருப்பதால் காத்திருக்கும்.

நடும் முன் ஒவ்வொன்றையும் பெருவிரலால் அமுக்கிப் பார்ப்பேன். கல்போல இருந்தால் பாத்திக்கு. அடிப்பக்கம் மெத்தென்று அமுங்கி, புளித்த வாடை வந்தால் தூரப் போட்டுவிட வேண்டும், மற்ற கிழங்கோடு ஒரு நாள்கூட வைக்கக் கூடாது. 25 முதல் 30 கிராம் எடை, வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், கிழங்குக்குக் கிழங்கு 20. இந்தக் கணக்கு இரண்டு நடவுக்கும் ஒன்றுதான்.

மாசி நடவுக்குத் தை பிறந்ததும் தோண்டிவிடுங்கள். பொடிக்கிழங்கைத் தனியே பிரித்து, ஓலைக்கொட்டகை நிழலில் பரப்பி, வாரம் ஒருமுறை கையால் புரட்டிவிட்டால் போதும்.