பஸ் முடியும் ஊரில் இறங்குங்கள்: கரீபியன் கப்பல் நிறுத்தங்களில் சொந்தமாகக் காட்டு நடை போன எட்டு வருட அனுபவம்

நானும் அக்காவும் முதல்முதலாகக் கரீபியன் தீவுகளுக்குச் சுற்றுலாக் கப்பல் ஏறியது 2016 பிப்ரவரியில். அப்புறம் 2019, 2023, 2024 என்று மொத்தம் நான்கு பயணங்கள். எல்லாமே ஃப்ளோரிடாவில் கிளம்பி அங்கேயே வந்து முடிபவை. இவற்றில் பதினொரு நிறுத்தங்களில் கப்பலில் விற்கும் சுற்றுலாவை வாங்காமல், அந்த ஊர் மக்கள் போகும் மினி பஸ்ஸிலும் படகிலும் ஏறி, நாங்களே காட்டுக்குப் போய் நடந்துவிட்டு வந்தோம். ஒரு முறைகூடக் கப்பலைத் தவறவிட்டதில்லை. ஒரே ஒரு முறை தவறவிட இருந்தோம், அதையும் சொல்கிறேன்.

தனியாகப் போக வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் முதல் பயணத்தின் முதல் நிறுத்தம். கப்பலிலேயே டிக்கெட் வாங்கி ஓர் அருவிக்குப் போனோம். வேனில் இருபத்தைந்து பேர். வழியில் நினைவுப் பொருள் கடையில் நாற்பது நிமிடம், அருவிக்கு முன்னால் இருபது நிமிடம். அக்கா முப்பது வருடம் பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள். பாதையோரம் ஒரு பெரணியைப் பார்த்து உட்கார்ந்தால் எழுந்திருக்க ஐந்து நிமிடமாவது வேண்டும். அன்று அவளை மூன்று தடவை கைதட்டிக் கூப்பிட்டார்கள். திரும்பும் வழியில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த நிறுத்தம் டொமினிக்கா. டொமினிக்கன் ரிபப்ளிக் வேறு, இது மலையும் ஆறும் மட்டுமே நிறைந்த சின்னத் தீவு. தலைநகர் ரோசோவில் கப்பல் நிற்கும் மேடையிலிருந்து இறங்கினால் நேரே ஊருக்குள்தான் கால் வைக்கிறோம். வாசலில் டாக்ஸிக்காரர்களும் சுற்றுலா விற்பவர்களும் சூழ்ந்துகொள்வார்கள். அது அவர்கள் பிழைப்பு. வேண்டாம் என்று முகம் பார்த்துச் சொல்லிவிட்டு நான்கு தெரு உள்ளே நடந்தால் மலை ஊர்களுக்குப் போகும் மினி பஸ்கள் நிற்கும். நம்பர் பிளேட் ‘எச்’ என்ற எழுத்தில் தொடங்கினால் காசுக்கு ஆள் ஏற்றும் வண்டி என்று அர்த்தம். பஸ்ஸும் டாக்ஸியும் பார்க்க ஒரே மாதிரி வேன்தான் என்பதால், ஏறும் முன் "இது பஸ்ஸா, ஆளுக்கு எவ்வளவு?" என்று கேட்டே ஆக வேண்டும். கேட்காமல் ஏறினால் அதே வேன் உங்களுக்கு மட்டும் டாக்ஸி ஆகிவிடலாம்.

இன்னொரு விஷயம், ஏறும்போது "குட் மார்னிங்" சொல்லுங்கள். ஓட்டுநருக்கு மட்டுமல்ல, உள்ளே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும். அந்தத் தீவுகளில் அது பெரிய மரியாதை. சொல்லிவிட்டு உட்கார்ந்தால், எங்கே இறங்க வேண்டும் என்று பக்கத்தில் இருப்பவரே பார்த்துக்கொள்வார்.

ரோசோவிலிருந்து ட்ரஃபால்கர் கிராமம் ஆறேழு கிலோமீட்டர். பஸ் அங்கேயே முடிகிறது. மேலே கொஞ்ச தூரம் சாலையில் நடந்தால் அருவியின் நுழைவாயில். நாங்கள் போனபோது வெளியூர்க்காரர்களுக்கு 5 அமெரிக்க டாலர் கட்டணம். அங்கிருந்து காட்டுக்குள் பத்து, பதினைந்து நிமிடப் பாதை. இரண்டு அருவிகள் பக்கத்துப் பக்கத்தில் விழுகின்றன. உள்ளூரில் அவற்றை அப்பா, அம்மா என்கிறார்கள். அப்பா அருவியின் ஓரத்தில் எரிமலைச் சூட்டில் காய்ந்த வெந்நீர் ஊற்றும் கலப்பதால், பாறைகள் ஆரஞ்சு நிறமாகப் படிந்திருக்கும். அந்தப் பத்து நிமிடப் பாதைக்கு எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. மரம்போல் நிமிர்ந்து நிற்கும் பெரணிகளை அக்கா அங்கேதான் முதலில் தொட்டுப் பார்த்தாள். பாதையோரம் தொட்டாற்சிணுங்கி. நம் வீட்டுப் பின்புறத்தில் விளையாடிய செடிக்குச் சொந்த ஊர் அமெரிக்க வெப்பமண்டலம்தான் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இருவருக்கும் போக வர பஸ், நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 20 டாலருக்குள் முடிந்தது.

இந்தச் சுலபம் எங்களைக் கொஞ்சம் அசட்டையாக்கிவிட்டது. 2019 ஜனவரியில் கிரெனடா. தலைநகர் செயின்ட் ஜார்ஜஸில் பஸ் நிலையம் கப்பல் துறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 6-ஆம் எண் பஸ் தீவின் நடு மலையைத் தாண்டி, மறுபக்கத்துக் கிரென்வில் ஊருக்குப் போகும். வழியில் கிராண்ட் எத்தாங், அழிந்த எரிமலையின் வாயில் தேங்கிய ஏரி. சுற்றிலும் மழைக்காடு, மூடுபனி. அடிமை வியாபாரக் காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மோனா குரங்குகளின் வாரிசுகள் அங்கே உண்டு. இறங்க வேண்டும் என்றால் பஸ்ஸின் கூரையில் தட்ட வேண்டும். அக்கா ஆசையாகத் தட்டினாள். ஏரிக்கரைச் சேற்றுப் பாதை அருமையாக இருந்தது. அதில் ஒரு குறையும் இல்லை.

திரும்புவதுதான் கஷ்டமாகிவிட்டது. நான்கரை மணிக்குள் கப்பலில் இருக்க வேண்டும். இரண்டு பத்துக்கே சாலையோரம் வந்து நின்றோம். கிரென்விலிலிருந்து வரும் பஸ்கள் அங்கேயே நிறைந்துதான் கிளம்புகின்றன. ஒன்று, இரண்டு, மூன்று என்று கை காட்டக் காட்ட நிற்காமல் போயின. நாற்பது நிமிடம். மழை வேறு. பள்ளி விடும் நேரம் நெருங்கினால் இன்னும் மோசம் என்று பக்கத்தில் நின்ற அம்மா சொன்னார். மூன்று மணி தாண்டி ஒரு பஸ் நின்றது. நடத்துநர் உள்ளே எல்லோரையும் நெருக்கி உட்காரச் சொல்லி, மடக்குப் பலகையை இறக்கி எங்களை ஏற்றிக்கொண்டார். நாலு மணிக்குத் துறைமுகம். அக்காவின் கை அதுவரை என் மணிக்கட்டை விடவில்லை.

அன்றிரவு நாங்கள் யோசித்து வைத்துக்கொண்ட முறையைத்தான் இன்றுவரை பின்பற்றுகிறோம். பஸ் கடந்து போகும் இடத்துக்குப் போகாதே, பஸ் போய் முடியும் இடத்துக்குப் போ. முடியும் ஊரில் வண்டி காலியாகித் திரும்பி நிற்கும், உட்கார இடம் கிடைக்கும், எப்போது கிளம்பும் என்று கேட்கவும் ஆள் இருக்கும். நடுவழியில் இறங்குபவருக்கு இது எதுவும் கிடையாது. தூரம் ஒரு பொருட்டே இல்லை. ஐம்பது நிமிடம் தள்ளியிருக்கும் கடைசி நிறுத்தம், இருபது நிமிடத்தில் வரும் நடுநிறுத்தத்தை விடப் பத்திரமானது. கிராண்ட் எத்தாங்கைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் பஸ்ஸில் போய், திரும்பும்போது டாக்ஸி வரும்படி முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். காசு கூட ஆகும், ஆனால் நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை என்றால் பஸ்ஸை நம்பவே வேண்டாம், மிகக் குறைவு.

கப்பலில் வாங்கிய சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், தனியாகப் போன நமக்காகக் காத்திருக்காது. அதனால் கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே துறைமுக ஊருக்குள் வந்துவிடுவது என்று வைத்திருக்கிறோம்.

கடிகாரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பலர் மாட்டிக்கொள்வது இதில்தான். கிழக்குக் கரீபியன் தீவுகளில் வருடம் முழுக்க ஒரே நேரம். ஃப்ளோரிடாவில் மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றுவார்கள். சில கப்பல்கள் தீவின் நேரத்துக்கு மாறும், சில ஃப்ளோரிடா நேரத்திலேயே ஓடும். குளிர்காலத்தில் மாறாத கப்பல் என்றால், தீவின் நேரத்துக்குத் தானாக மாறிய போனில் நாலு மணி காட்டும்போது கப்பலில் மூன்றுதான். அந்தத் தவறால் ஆபத்தில்லை. ஜமைக்கா பக்கம் கோடையில் போனால் தலைகீழ். போன் மூன்று என்று காட்டும், கப்பலில் நாலு ஆகியிருக்கும். அதனால் ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தில் கப்பல் நேரத்தை வைத்துக்கொண்டு, போனைப் படம் எடுக்க மட்டும் வைத்திருக்கிறேன்.

முதல்முறை தனியாகப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் இடம் செயின்ட் ஜான். அமெரிக்க வர்ஜின் தீவுகளில் கப்பல் நிற்பது பெரும்பாலும் செயின்ட் தாமஸில். துறையை விட்டு வெளியே வந்து, பெரிய சாலையில் ஊர்க்காரர்கள் ஏறும் சஃபாரி வண்டியைப் பிடிக்க வேண்டும். லாரியின் பின்பக்கத்தில் வரிசையாகப் பெஞ்ச் போட்டது, கட்டணம் ஒன்றிரண்டு டாலர். ரெட் ஹூக்கில் இறங்கிப் படகு ஏறினால் இருபது நிமிடத்தில் செயின்ட் ஜானின் க்ரூஸ் பே. படகு முடியும் இடமும் அதுதான், எங்கள் முறைக்குச் சரியாகப் பொருந்துகிறது. தேசியப் பூங்காவின் அலுவலகம் படகுத் துறையிலிருந்து கூப்பிடு தூரம். அதன் பின்னாலிருந்தே லிண்ட் பாயின்ட் பாதை தொடங்கிவிடுகிறது. ஹனிமூன் கடற்கரைவரை ஏறக்குறைய 2 கிலோமீட்டர். வறண்ட காடு, கள்ளி, நடுநடுவே நீலக் கடல். சருகுக்குள் சங்கு ஓட்டைச் சுமந்துகொண்டு துறவி நண்டுகள் சலசலக்கும். இந்தத் தீவின் பாதிக்கும் மேற்பட்ட நிலம் பூங்காவுக்குள் இருப்பதற்கு, லாரன்ஸ் ராக்ஃபெல்லர் நிலம் வாங்கிக் கொடுத்ததும் அதை வைத்து 1956-இல் பூங்கா அமைந்ததும்தான் காரணம்.

அங்கே ஓர் எச்சரிக்கை. மான்சினீல் என்றொரு மரம் கடற்கரையோரம் இருக்கும். சின்னப் பச்சை ஆப்பிள் போன்ற காய், அத்தனையும் விஷம். மழை பெய்தால் அதன் அடியில் ஒதுங்கக்கூடாது, இலையிலிருந்து சொட்டும் நீரே தோலைப் புண்ணாக்கும். அக்கா படத்தைப் பார்த்ததும் "நம்ம பிச்சாவரம் தில்லை மரத்துக்குச் சொந்தக்காரன்டி" என்றாள். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். தில்லையின் பால் கண்ணைக் கெடுக்கும் என்று நாம் கேட்டிருக்கிறோம் இல்லையா, அதே சாதிதான்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பார்படாஸில் பிரிட்ஜ்டவுனிலிருந்து பாத்ஷீபாவுக்குப் பஸ், 2023-இல் கட்டணம் 3.50 பார்படாஸ் டாலர், அதாவது 1.75 அமெரிக்க டாலர். அட்லாண்டிக் பக்கத்துப் பெரும் பாறைகளை ஒட்டி நடக்கலாம். குளிக்க இறங்காதீர்கள், இழுப்பு மோசம். செயின்ட் லூசியாவில் பித்தோன் மலைகள்மேல் எல்லோருக்கும் ஆசை வரும். தலைநகர் காஸ்ட்ரீஸிலிருந்து சாலைக்கே ஒன்றரை மணி நேரம், ஏறி இறங்க நாலு மணி நேரம். பஸ்ஸை நம்பி அதைச் செய்யாதீர்கள். பிஜன் தீவுக்குப் போங்கள், க்ரோஸிலே பஸ்ஸில் போய்க் கோட்டைக் குன்று ஏறி வரலாம். புவெர்ட்டோ ரிக்கோவின் எல் யுங்கே மழைக்காட்டுக்குப் பொதுப் போக்குவரத்தே இல்லை. கார் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கப்பல் சுற்றுலாதான். அங்கே நாங்களும் சுற்றுலாவைத்தான் வாங்கினோம், அதற்காக வருத்தமில்லை.

பையில் என்ன வேண்டும் என்றால், ஒரு டாலர், ஐந்து டாலர் சில்லறை நோட்டுகள் நிறைய. கிழக்குக் கரீபியன் டாலர் பல வருடங்களாக ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்று நிலையாக இருப்பதால் கணக்குச் சுலபம். இணையம் இல்லாமலும் ஓடும் வரைபடத்தை முன்பே போனில் இறக்கிவிடுங்கள். ஈரப் பாறையில் வழுக்காத ஷூ, மழைச் சட்டை. கப்பலிலிருந்து பழம் எடுத்துப் போகாதீர்கள், தீவுகளில் அனுமதி கிடையாது. பட்டாளத்துக்காரர் உடை போன்ற பச்சைப் புள்ளித் துணி எதுவும் வேண்டாம். பார்படாஸ், டொமினிக்கா, கிரெனடா, செயின்ட் லூசியா எல்லாவற்றிலும் பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம். நடைக்கு என்றே அப்படிக் கால்சட்டை வாங்கிவைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

டொமினிக்காவுக்கு மட்டும் நாங்கள் மூன்று முறை போயிருக்கிறோம். 2017 செப்டம்பரில் மரியா புயல் அந்தத் தீவைச் சூறையாடியது. 2019-இல் அதே ட்ரஃபால்கர் பஸ்ஸில் ஏறியபோது மலை முழுக்கக் கம்பம் நட்டது போல் மொட்டை மரங்கள். நிழல் இல்லாத அந்தப் பாதையில் அக்கா அழுதுவிட்டாள். ஆனால் ஒவ்வொரு கம்பத்தின் நடுத்தண்டிலும் கொத்துக் கொத்தாகத் துளிர் இருந்தது. 2024 ஜனவரியில் போனபோது பாதைக்கு மேலே மறுபடி இலை கூடியிருந்தது. முன்பைவிட வெளிச்சம் அதிகம், கொடிகள் அதிகம். பெரணிகள் நன்றாகவே இருந்தன.

அன்று திரும்பும் பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் ஓர் அம்மா கோணிப்பை நிறையக் கிழங்கு வைத்திருந்தார். டஷீன் என்றார். அக்கா ஒன்றை எடுத்துப் பார்த்து, நம்ம சேப்பங்கிழங்கு என்று குதித்தாள். அங்கே அதன் இலையைத்தான் கலலூ சூப்பில் போடுகிறார்கள். புளி விட்டுக் குழம்பு வைப்போம் என்று இவள் ஆங்கிலத்தில் சொல்ல, அவர் நம்பாமல் சிரித்தார். ஊர் வரும்வரை அந்தப் பேச்சுதான்.

ஒன்றே முக்காலுக்கு ரோசோ வந்துவிட்டோம், இன்னும் மூன்று மணி நேரம் மீதி. அப்படி நேரம் மிஞ்சினால் நாங்கள் போகும் இடம், துறையிலிருந்து பத்து நிமிட நடையில் உள்ள தாவரவியல் பூங்கா. 1979 டேவிட் புயலில் ஒரு பெரிய பாவோபாப் மரம் விழுந்து நசுக்கிய காலி பள்ளிப் பேருந்து, இன்னும் அதே இடத்தில் மரத்தடியில் கிடக்கிறது. அதைத் தாண்டி ஜாக்ஸ் வாக் என்ற பாதை மோர்ன் புரூஸ் குன்றுக்கு ஏறுகிறது. மெதுவாக ஏறினால் அரை மணி. மேலே நின்றால் ஊர், கடல், நம் கப்பல் மூன்றும் காலடியில். அக்கா பையிலிருந்து நோட்டை எடுத்து, வழியில் பார்த்த செடிகளை எழுத ஆரம்பித்தாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.