ரூட் கேனால் செய்த பல்லில் மறுபடி சீழ்: திரும்பச் செய்வதா, நுனியை வெட்டுவதா, பிடுங்குவதா?

ரூட் கேனால் முடிந்து கேப்பும் போட்ட பல். ஒரு நாள் அதன் ஈறில் கடுகளவு கொப்புளம் ஒன்று நாக்கில் தட்டுப்படுகிறது. இரண்டு நாளில் உடைந்து அமுங்கிவிடும், அப்புறம் அதே இடத்தில் மறுபடி வரும். வலி பெரிதாக இருக்காது. சீழ் அந்த வழியாக வடிந்துகொண்டே இருப்பதால்தான் வலி இல்லை. குணமாகிவிட்டது என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

இந்தக் கட்டத்தில் முன்னால் இருப்பவை மூன்று வழிகள். எது நல்லது என்று கேட்பதற்கு முன், முதல் சிகிச்சை ஏன் தோற்றது என்று கேட்க வேண்டும். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். அதற்கும் முன்னால் ஒன்று: உண்மையிலேயே தோற்றுவிட்டதா? வேர் நுனியில் கரைந்த எலும்பு மெதுவாகத்தான் வளரும். அந்தக் கரைந்த இடம் எக்ஸ்ரேயில் கருநிழலாகத் தெரியும். ஆறு மாதத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் அந்த நிழல் சிறிதாகியிருந்து, வேறு தொந்தரவும் இல்லையென்றால் காத்திருக்கலாம். முழுதாக மறைய சில சமயம் நான்கு வருடம்கூட ஆகும்.

சரி, தோற்றது உறுதி என்றே வைத்துக்கொள்வோம். மேல்வரிசை முதல் கடைவாய்ப்பல்லில் பெரும்பாலும் நான்கு கால்வாய்கள், அதாவது வேருக்குள் நரம்பு ஓடும் மெல்லிய குழாய்கள், இருக்கும். நான்காவது மயிரிழை போல ஒளிந்திருக்கும். அதைக் காணாமல் விட்டிருந்தால் கிருமி அங்கேயே குடியிருக்கும். நிரப்பியது நுனிவரை போகாமல் நின்றிருக்கலாம். கேப்பின் ஓரம் கசிந்து எச்சில் உள்ளே இறங்கியிருக்கலாம். இந்த மூன்றில் எதுவானாலும் என் ஓட்டு திரும்பச் செய்வதற்குத்தான், ஏனென்றால் அழுக்கு கால்வாய்க்குள் இருக்கிறது. கேப்பைக் கழற்றி அல்லது துளைத்து, பழைய நிரப்பை வழித்தெடுப்பார்கள். கட்டாபெர்ச்சா என்கிற இளஞ்சிவப்பு ரப்பர் போன்ற பொருள் அது. கசிந்த பல்லிலிருந்து வெளியே வரும்போது சில சமயம் நாற்றம் நமக்கே தெரியும். பிறகு சோடியம் ஹைப்போகுளோரைட் என்கிற கிருமிகொல்லித் திரவத்தால் கழுவி, பல நேரம் சில வாரங்களுக்குக் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்து மூடி, அதன்பின் புதிதாக நிரப்புவார்கள். முதல் தடவையைவிட நேரமும் பொறுமையும் கூடுதலாக வேண்டும். நுண்ணோக்கி வைத்து வேலை செய்பவரிடம், முடிந்தால் சிபிசிடி என்கிற முப்பரிமாண ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுச் செய்துகொள்வது நல்லது. புது கேப் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நுனியை வெட்டும் சிகிச்சை இதற்கு நேர் எதிர்த் திசையில் நுழைகிறது. ஈறைத் திறந்து, வேரின் கடைசி 3 மில்லிமீட்டரை வெட்டியெடுத்து, அடியிலிருந்து எம்டிஏ போன்ற சிமெண்டால் அடைத்துத் தையல் போடுவார்கள். ஏன் 3 மில்லிமீட்டர்? கால்வாயின் கிளைகள் பெரும்பாலும் அந்த நுனியில்தான் பிரிகின்றன. மேலே நல்ல கேப்பும், உள்ளே கேப்பைத் தாங்க வேருக்குள் ஆழமாக இறக்கிய போஸ்ட் என்கிற கம்பியும் இருந்து, அந்தக் கம்பியைக் கழற்றினால் வேரே பிளந்துவிடும் என்ற நிலையில் இதுதான் புத்திசாலித்தனம். முன்பற்களில் எளிது. கீழ்க் கடைவாயில் நரம்பு அருகில் ஓடுவதால் கவனம் வேண்டும். ஆனால் கேப் கசிகிறபோது இதைச் செய்வது, கூரை ஒழுகத் தரையைப் பூசுவது மாதிரி.

பிடுங்குவது எப்போது? வேர் நெடுக விரிசல் விட்டிருந்தால் வேறு பேச்சே இல்லை. ஈறைச் சுற்றி அளக்கும்போது ஒரே ஒரு புள்ளியில் மட்டும் கருவி குறுகலாக ஆழம் இறங்கினால் அந்தச் சந்தேகம் வரும். கேப் பிடித்து நிற்க ஈறுக்கு மேல் சுற்றிலும் 2 மில்லிமீட்டர் அளவு பல்கூட மிச்சமில்லை என்றாலும் காப்பாற்றுவது கடினம். ஞானப்பல்லாக இருந்தால் நான் அதிகம் யோசிக்க மாட்டேன். மற்றபடி, ‘பிடுங்கிவிட்டு இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வைத்தால் தொல்லை ஒரேயடியாகத் தீர்ந்துவிடும்’ என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். எலும்போடு அது ஒட்டப் பொதுவாக 3 முதல் 6 மாதம், அதைச் சுற்றியும் ஈறு கெடலாம். பிரிட்ஜ், அதாவது பக்கத்துப் பற்களில் மாட்டி நிற்கும் செயற்கைப் பல் என்றால், அந்த நல்ல பற்களைத் தேய்க்க வேண்டும்.

சில விரிசல்கள் கேப்பை எடுத்த பிறகுதான் கண்ணில் படும். அதனால் நாள் குறிக்கும்போதே பேசிவிடுங்கள்: உள்ளே விரிசல் இருந்தால் அன்றைக்கே பிடுங்கலாமா, இல்லை தற்காலிகமாக மூடிவிட்டு வீட்டுக்குப் போய் யோசிப்பதா? பாதி உதடு மரத்து, வாயைத் திறந்தபடி படுத்திருக்கும்போது அந்தக் கேள்வி வந்தால் யாரும் தலையை ஆட்டிவிடுவார்கள்.