மஸ்டாங்குக்கு டிஃப் கவர் மாத்தப் போயி பேரிங்க பறிகொடுத்த கதை – பே ஏரியா ஆளுங்க உஷாரு

கலிஃபோர்னியா பே ஏரியால பின் வீல் டிரைவ் காரு வச்சிக்கிட்டு அப்பப்ப ரேஸ் ட்ராக் பக்கம் போறவங்க இத ஒருதடவ படிச்சிருங்க. ஷாப் பேரு போடல, கேஸ் ஓடிக்கிட்டு இருக்கு, தனியா மெசேஜ் போட்டும் கேக்காதீங்க ப்ளீஸ்.

என்னுது 2011 மஸ்டாங் ஜிடி, 5.0 லிட்டர் கோயோட்டி இன்ஜின், 412 குதிரை, செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது. ஜிடில 2015 மாடல்லேருந்துதான் பின் வீலு ரெண்டும் தனித்தனியா ஆடுற இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் வந்துச்சு, என்னுதுல இன்னும் லாரி மாதிரி முழு ஆக்சில் (சாலிட் ஆக்சில்), நடுவுல 8.8 இன்ச் டிஃபரன்ஷியல், அதாவது ரெண்டு பின் வீலுக்கும் சக்தியப் பிரிச்சுக் குடுக்கிற கியர் பொட்டி, சுருக்கமா டிஃப். அதோட பின்பக்க மூடிதான் டிஃப் கவர். வருஷத்துக்கு ரெண்டு மூணு வாட்டி வில்லோஸ் பக்கத்துல தண்டர்ஹில் ட்ராக்குக்கு போவேன், ஜூலைல அங்க அடிக்கிற வெயிலப் பாத்தா வேலூர்காரனே சலாம் போடுவான். ஒரு செஷன் ஓட்டிட்டு வந்து நிறுத்துனா பின்னாடி கியர் ஆயில் நாத்தம் குப்புன்னு வரும், காத்துப் போற வென்ட் வழியா லேசா கக்கியும் இருக்கும். ஃபின் (சூடு எறங்க வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற பட்டை) வச்ச அலுமினியம் கவர் போட்டா ஆயில் கொஞ்சம் கூட புடிக்கும், சூடும் ஓரளவு எறங்கும், அதுல இருக்கிற ரெண்டு லோட் போல்ட்டு உள்ள பேரிங்க புடிச்சிருக்கிற கேப்புக்கு முட்டுக் குடுக்கும், சரி போட்ருவோம்னு முடிவு பண்ணேன்.

உண்மைய சொன்னா இது பெரிய வேலையே இல்ல. பத்து போல்ட்டு, கீழ டிரெயின் பிளக்னு ஒண்ணு கெடையாது, கவர நெம்புனாத்தான் ரெண்டு லிட்டர் சொச்சம் ஆயில் கொட்டும், கசியாம ஒட்டியிருக்கிற பழைய சிலிகானை சொரண்டிட்டு புதுசு தடவி மூடணும், அவ்ளோதான். ஆனா எங்க அபார்ட்மென்ட் பார்க்கிங்ல காரைத் தூக்குனா அடுத்த நிமிஷம் மேனேஜர் வந்துருவாரு. அதனால ஷாப்புக்கு போனேன். எஸ்டிமேட் 640 டாலர்: நான் கேட்ட பிராண்ட் கவர், சிந்தெட்டிக் ஆயில், ஃப்ரிக்ஷன் மாடிஃபையர் (ஆயிலோட ஊத்துற, உரசல சரி பண்ற திரவம்), லேபர் எல்லாம் சேத்து. கையெழுத்து போட்டேன். "டெய்லி ரெண்டு பண்றோம் ப்ரோ"ன்னாரு ஷாப்காரரு.

சாயங்காலம் போனா பில்லு 780. ஹவுசிங் க்ளீனிங், ஷாப் சப்ளைஸ்னு புதுசா ரெண்டு லைன். எனக்கு ஒரு கால் கூட வரல. கலிஃபோர்னியால எஸ்டிமேட்டுக்கு மேல ஏத்துறதா இருந்தா நம்ம சம்மதம் வாங்கிட்டுத்தான் செய்யணும், அது எனக்கு அப்ப தெரியல, காரு கறுப்புக் கவரோட பளபளன்னு நிக்கிறதப் பாத்த சந்தோஷத்துல கார்ட தேச்சிட்டு வந்துட்டேன். பழைய கவர் எங்கன்னு கேட்டதுக்கு ஸ்க்ராப்ல போட்டாச்சுன்னாங்க.

அதே வாரம் ஆரம்பிச்சுது. காஸ்ட்கோ பார்க்கிங்ல மெதுவா திருப்பும்போது பின்னாடி கடகடகடன்னு ஒரு ஒதறல். ஹைவேல அறுபதுக்கு மேல போனா ஊஊன்னு ஒரு ஊளை. ஷாப்புக்கு கூப்ட்டா "சாலிட் ஆக்சில்னா அப்படித்தான், 500 மைல் ஓட்டுங்க, செட் ஆயிரும்"னாங்க. நாமக்கல்ல லாரி ஓட்டுன எங்க மாமாவுக்கு சத்தத்த ரெக்கார்ட் பண்ணி வாட்ஸப்ல அனுப்புனேன். உடனே ஃபோன் பண்ணாரு. "மாப்ள, ஆக்ஸிலேட்டர விட்டா சத்தம் மாறுதா?" "இல்ல மாமா, ஸ்பீடுக்கு ஏத்தாப்லதான் ஏறுது." "அப்ப கிரவுன் பினியன் கியர் இல்ல, பேரிங்கு. ஓட்டாத, நிறுத்து." நான் அதுக்குள்ள 400 மைல் ஓட்டியிருந்தேன்.

ஹேவர்ட்ல ஒரு வயசான மெக்சிகன் மெக்கானிக், ஆக்சில் வேல மட்டும்தான் பாப்பாரு. அவரு கவரத் தொடுறதுக்கு முன்னாடியே ஒரு சின்ன பாட்டில் மாடிஃபையர ஊத்தி, காலி எடத்துல எட்டு போட்டு பத்து தடவ ஓட்டச் சொன்னாரு. ஒதறல் போயிருச்சு. க்ளச் வச்ச லிமிடெட் ஸ்லிப் டிஃபுக்கு (ஒரு வீல் மட்டும் சும்மா சுத்தாம தடுக்கிற வகை) மாடிஃபையர் இல்லன்னா இப்படித்தான் ஒதறும், ஆக பில்லுல காசு வாங்குன பாட்டில ஊத்தவே இல்ல.

அப்புறம் கவர கழட்டுனாரு. உள்ள சிலிகான் புழு புழுவா தொங்குது, பாதி அறுந்து ஆயில்ல மெதக்குது. மேக்னட்ல மை மாதிரி சாம்பல் பசை இருந்தா பரவால்ல, அது சகஜம், இதுல ஜிகினா மாதிரி மின்னுது. லோட் போல்ட்ட பத்திதான் அவரு தலையில அடிச்சிக்கிட்டாரு. அது கேப்ப லேசா தொட்டு நிக்கணும், கொஞ்சமே கொஞ்சம் டார்க் (முறுக்கு விசை) குடுத்து லாக் நட்ட போடணும், கவர் போல்ட்டுக்கு குடுக்கிற டார்க்ல கால்வாசி கூட ஆவாது. அந்த ஷாப்காரனுங்க இம்பாக்ட் கன்ன (வேகமா அடிச்சு முறுக்குற மெஷின்) வச்சி முறுக்கியிருக்கானுங்க. கேப்புல போல்ட்டு நுனி பதிஞ்ச பள்ளம் அப்படியே தெரியுது, அந்தப் பக்க பேரிங் ரோலர்ல அம்மத் தழும்பு மாதிரி குழி குழி.

கவரோட உள்பக்கம் பாத்தா பேரும் இல்ல, பார்ட் நம்பரும் இல்ல. வெளிய ஒட்டியிருந்தது வெறும் ஸ்டிக்கர், நகத்தால கீறுனா வந்துருச்சு! ஒரு லோட் போல்ட்டு கேப்போட நடுவுலயே உக்காரல, ஓரமா இடிக்குது. மேல ரெண்டு ஃபின்ன க்ரைண்டர் வச்சி சீவியிருக்காங்க, ஏன்னா இந்த காருல ஆக்சிலுக்குப் பின்னாடி குறுக்க, அது பக்கவாட்டுல நகராம புடிக்கிற பனார்ட் ராடு போகுது, கவர் அதுல இடிச்சிருக்கு, சீவி விட்டுட்டாங்க. வேற எதுக்கோ வார்த்த கவரு. அமெரிக்காகாரங்க டிஃப் ஹவுசிங்க பூசணிக்கான்னுதான் சொல்லுவாங்க, இவனுங்க நெசமாவே முழு பூசணிக்காய சோத்துல மறைச்சிருக்கானுங்க.

ரெண்டு பக்க பேரிங், ஷிம் (எடவெளி சரி பண்ற மெல்லிசு தகடு), பேக்லாஷ் (கியர் பல்லுக்கு நடுவுல விடுற எடவெளி) செக் பண்ணி திரும்ப செட் பண்ணது, ஆயில், எல்லாம் சேத்து 1,390 டாலர். என்னோட பழைய தகர கவர் இல்லாததால பழைய இரும்பு யார்டுல ஒண்ணு வாங்கி மாட்டுனோம், அதுவும் இதுலயே அடக்கம். எரிச்சல் என்னன்னா அந்த தகர கவர்ல ஒரு கொறையும் இல்ல. வருஷா வருஷம் ஆயில மாத்தியிருந்தாலே என் ஓட்டுக்கு போதும்னு அந்த மெக்கானிக் சொல்றாரு.

யாராச்சும் போடப் போறீங்கன்னா பார்ட்ட நீங்களே வாங்கி பெட்டியோட குடுங்க, பனார்ட் ராடுக்கு எடம் இருக்கான்னு வாங்குறதுக்கு முன்னாடியே கேட்ருங்க. கழட்டுன பார்ட் எனக்கு வேணும்னு வேலை குடுக்கும்போதே எழுத வைங்க, இங்க சட்டப்படி அப்ப கேட்டாத்தான் உண்டு, பின்னாடி கேட்டு பிரயோஜனம் இல்ல. கவர மூடி ஆயில் ஊத்தறதுக்கு முன்னாடி, லோட் போல்ட்ட டார்க் ரெஞ்ச்ல வைக்கும்போது நேர்ல நில்லுங்க, விடமாட்டேன்னா வண்டிய எடுத்துட்டு வந்துருங்க. நான் பில்லுக்கு பக்கத்துல நின்னேன், வண்டிக்கு பக்கத்துல நிக்கல.

ரிப்பேர் ஷாப்புங்கள கண்காணிக்கிற, மாநிலத்தோட பியூரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேர்ல ஆன்லைன்ல புகார் குடுத்தேன், ஃபோட்டோ, ரெண்டு பில்லு, மெக்கானிக் எழுதிக் குடுத்த ரிப்போர்ட்டு எல்லாம் வச்சி. அவங்க பேசுனதும் எஸ்டிமேட்டுக்கு மேல வாங்குன 140 டாலர ஷாப் திருப்பிக் குடுத்துருச்சு. பேரிங்குக்கு மட்டும் "நீங்க ட்ராக்ல ஓட்டுனதால போச்சு"ங்கறாங்க. கவர் மாத்துனதுக்கப்புறம் நான் ட்ராக் பக்கமே போகல. மிச்சத்துக்கு ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட்ல (சின்னத் தொகை வழக்கு பாக்குற எடம்) போட்டாச்சு, ஃபீஸ் 50 டாலர், அங்க வக்கீல் வரக்கூடாது, நானும் ஷாப்காரரும்தான் பேசணும். வடிச்ச ஆயில ஒரு ஜாடில ஊத்தி அந்த சீவுன கவரோட பால்கனில வச்சிருக்கேன். மூடியையும் தாண்டி பெருங்காயத்துக்கு மேல நாறுது, தூக்கிப் போடுங்கன்னு வீட்ல தினமும் சண்டை. ஹியரிங் முடியிற வரைக்கும் அது அங்கதான் இருக்கும்.