ஒரு மணி பின்னால் போக 23 அழுத்து: நோமோஸ் சூரிச் வெல்ட்சைட்

பல ஊர் நேரம் காட்டும் உலக நேர வாட்ச் சேர்க்க ஆரம்பித்தால் முதலில் கண்ணைப் பறிப்பது டயல்தான், எனக்கும் அப்படித்தான். நாலைந்து கைமாறிப் போன பிறகுதான் புரிந்தது, ஊர் மாறும்போது அதை எப்படி மாற்றி வைக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அந்தக் கணக்கில் நான் அதிகம் கட்டுவது நோமோஸின் சூரிச் வெல்ட்சைட். பெரிய குழுமம் எதிலும் சேராமல் ஜெர்மனியின் கிளாஸ்ஹூட்டேயில் தனித்து இயங்கும் கம்பெனி. இந்த மாடல் 2011-இல் வந்தது.

உலக நேரம் என்றாலே பலருக்கும் ஜெனீவாவின் கடிகாரக்காரர் லூயி கோட்டியே 1931-இல் போட்டுக்கொடுத்த வழிதான். வெளியே ஊர்ப் பெயர்கள், உள்ளே 24 மணி வளையம், அது முட்களுக்கு எதிர்த்திசையில் நாளுக்கு ஒரு சுற்று. எந்த ஊர்ப் பெயருக்கு நேரே எந்த எண் நிற்கிறதோ அதுதான் அங்கே மணி. வெல்ட்சைட்டில் அந்த வளையம் இல்லை. மேலே 12-க்கு நேரே நாம் இருக்கும் ஊர், 3 மணிப் பக்கம் சின்ன வீட்டுக் குறியோடு சொந்த ஊர் நேரம், அவ்வளவுதான். 24 ஊரையும் ஒரே பார்வையில் படிக்க முடியாது என்றால் இது என்ன உலக நேரம் என்று நானும் முதலில் முகம் சுளித்தேன். உண்மையில் எனக்குத் தேவைப்படுவது இரண்டு ஊர்தான் என்பது கட்டிய பிறகுதான் உறைத்தது.

2 மணிப் பக்கம் ஒரு பட்டன். அழுத்தினால் டக் என்று ஊர் வளையம் ஒரு ஊர் தாவும், மணி முள்ளும் கூடவே ஒரு மணி முன்னால் தாவும், நிமிட முள் அசையாது. கைக்கு அவ்வளவு சுகம், வேலை இல்லாதபோதும் அழுத்தத் தோன்றும். ஆனால் முன்னால் மட்டும்தான் போகும். கிழக்கே போனால் ராஜா, மேற்கே ஒரே ஒரு மணி திரும்ப வேண்டுமென்றால் 23 தடவை அழுத்த வேண்டும். ஒருமுறை எண்ணிக்கொண்டே வந்தவன் பேச்சு வாக்கில் ஊரைத் தாண்டிவிட்டேன், அப்புறம் மறுபடி முழுச் சுற்று.

அரை மணி, முக்கால் மணி வித்தியாசத்தில் ஓடும் ஊர்கள் இதிலும் இல்லை. இந்தியாவின் 5:30, நேபாளத்தின் 5:45, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து எல்லாம் நாமே மனக்கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளும் கோடைக்கால நேரமும் அப்படியே. அமெரிக்கா ஒரு ஞாயிறு மாற்றும், ஐரோப்பா வேறொரு ஞாயிறு மாற்றும், வளையத்துக்கு இதெல்லாம் தெரியாது. போவே கம்பெனியின் ரெசிட்டால் 28 வாட்ச் இதற்காகவே ஊர்ப் பெயர்களைச் சின்னச் சின்ன உருளைகளில் எழுதித் திருப்புகிறது, ஆனால் அது 46 மில்லிமீட்டருக்கும் மேலே, என் மணிக்கட்டுக்கு அது வாட்ச் இல்லை, பாத்திரம்.

அழகுக்காகவே ஒன்று வேண்டுமென்றால் ஸ்வென்ட் ஆண்டர்சன் பக்கம் போங்கள். தனித்து இயங்கும் கடிகாரக்காரர்களின் சங்கமான ஏ.எச்.சி.ஐ.யை 1985-இல் தொடங்கிய இருவரில் ஒருவர். 1994-இல் வந்த அவருடைய முண்டுஸ் 4.2 மில்லிமீட்டர்தான் கனம், ஓர் உலக நேர வாட்சுக்கு அது நம்ப முடியாத மெலிவு.

சின்னப் பட்டறை வாட்ச் வாங்கும்முன் ஒன்று. செய்தவரைத் தவிர வேறு யாரும் பெரும்பாலும் தொட மாட்டார்கள். வேறொரு தயாரிப்பாளரிடம் (பெயர் வேண்டாம்) சர்வீஸுக்குக் கொடுத்தது எட்டு மாதம் கழித்து வந்தது, அதுவும் ஊர் வளையம் பாதிக் கோட்டில் நின்றபடி. அதனால் பழைய வெல்ட்சைட் வாங்குகிறவர்கள் விற்பவர் முன்னாலேயே பட்டனை 24 தடவை அழுத்திப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் ஊர்ப் பெயர் 12-க்கு நேரே நிற்கிறதா, முழுச் சுற்று முடிந்ததும் மணி முள் கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டதா என்று கவனியுங்கள். விற்பவர் பொறுமை இழந்தால் இழக்கட்டும்.