பத்துக்குப் பத்து அறையில் ஸ்டூடியோ: எதை வாங்கலாம், எதை விடலாம்

சென்னை மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடி. அறை பத்துக்குப் பத்து அடி, தளத்தின் உயரமும் பத்து அடி. தரையில் டைல்ஸ், நாலு பக்கமும் செங்கல் சுவர், தலைக்கு மேல் கான்கிரீட். இந்த அறையில்தான் நாலு வருடமாகப் பாட்டும் வீணையும் பதிவு செய்துகொண்டிருக்கிறேன். வீட்டில் ஸ்டூடியோ போட நினைக்கிற யாரும் முதலில் கேட்பது, "எந்த மைக் வாங்கலாம்?" நானும் அங்கேதான் தொடங்கினேன். அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி என்று தெரியக் கொஞ்சம் பணம் செலவானது. இருந்தாலும், எல்லோரும் கேட்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கண்டென்சரா, டைனமிக்கா?

பத்தாயிரம் ரூபாயை ஒட்டி எதிரும் புதிருமாக நிற்கிற இரண்டு மைக்குகள்: ஆடியோ டெக்னிகா ஏடி2020, ஷூர் எஸ்எம்58. முன்னது கண்டென்சர், 48 வோல்ட் மின்சாரம் கொடுத்தால்தான் உயிர் வரும். பின்னது 1966-லிருந்து மேடைகளில் அடிவாங்கிக்கொண்டிருக்கும் டைனமிக். கீழே போட்டு எடுத்தாலும் பாடும்.

"கண்டென்சர் போட்டால் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்கூட விழும், அறை சரியில்லை என்றால் டைனமிக் வாங்கு" என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. பாதி உண்மை. இரண்டு மைக்கும் முன்பக்கம் கேட்டு, பின்பக்கம் காதை மூடிக்கொள்ளும் ரகம்தான். ஒரே தூரத்தில் இரண்டையும் வைத்துக் குரலைச் சம அளவுக்கு ஏற்றினால், குக்கர் விசில் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். வித்தியாசம் பாடுகிறவர் நிற்கும் தூரத்தில் இருக்கிறது. எஸ்எம்58-க்கு உணர்திறன் குறைவு, அதனால் வாயை ஒட்டிப் பாடுகிறோம். கண்டென்சர் என்றால் மரியாதையாகத் தள்ளி நிற்கிறோம். ஒரு சாண் தள்ளிப் பாடுவதற்கும் நாலு விரற்கடையில் பாடுவதற்கும் குரலில் ஒன்பது டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வரும். அறையின் இரைச்சலோ இருந்த இடத்திலேயே இருக்கும். ஆக, கண்டென்சரையும் கிட்டத்தில் வைத்து, மூச்சுக்காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் பாப் ஃபில்டர் ஒன்றை நடுவில் போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஆனால் கிட்டப்போவதற்கும் ஒரு விலை உண்டு. மைக்கை ஒட்டப் பாடும்போது குரலின் அடிப்பகுதி தடிக்கும். சினிமாப் பாட்டு, ராப், மெல்லிசைக்கு அது அழகு. கர்நாடக சங்கீதக்காரர்கள் கதை வேறு. சப்பணம் போட்டு உட்கார்ந்து, கையையும் தலையையும் ஆட்டித்தான் அவர்களால் பாட முடியும். நாலு விரற்கடையில் வைத்தால் ஒவ்வொரு தலையசைப்புக்கும் குரல் தடித்து மெலியும். தலையை ஆட்டாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன், ஸ்வரம் போகிறது. அவர்களுக்குக் கண்டென்சரும் ஒரு சாண் தூரமும்தான் சரி. வீணைக்கும் புல்லாங்குழலுக்கும் அப்படியே. வீணையின் மீட்டு ஒலியில் இருக்கும் அந்தக் கூர்மை டைனமிக்கில் மழுங்கிப்போகும்.

ஷூரின் விலை உயர்ந்த டைனமிக்கான எஸ்எம்7பி மேல் ஆசை பலருக்கும் உண்டு. அதன் முன்னோடியான எஸ்எம்7-இல்தான் மைக்கேல் ஜாக்சன் 1982-இல் பாடினார் என்று சொல்லாத ஆள் இல்லை. அவர் நின்று பாடியது லாஸ் ஏஞ்சல்ஸில் ஒலிக்கென்றே கட்டிய வெஸ்ட்லேக் ஸ்டூடியோ என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள். அந்த மைக் ஏறத்தாழ 60 டெசிபல் பெருக்கம் கேட்கும். மலிவான இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) குமிழைக் கடைசிவரை திருகினால் குரலோடு உஸ்ஸென்ற இரைச்சலும் சேர்ந்து வரும். மைக்கின் விலையில் பாதியை, ஒலியைப் பெருக்கித் தரும் இன்னொரு பெட்டிக்குக் கொடுக்க நேரும். நான் வாங்கவில்லை.

இன்னொரு வலை, மைக்கின் சொந்த இரைச்சல் அளவு. ஏடி2020-க்கு அது 20 டெசிபல். ரோடு நிறுவனத்தின் என்டி1 கண்டென்சருக்கு 4.5. காகிதத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் நம் ஊரில் நள்ளிரவு அறையே 30 டெசிபலுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஃபேன் ஓடினால் பேச்சே வேண்டாம். 20-ஐயே அந்த 30 விழுங்கிவிடும்போது 4.5-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் எதற்கு?

கண்டென்சர் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடலோர ஈரப்பதம் அதற்கு ஆகாது, பதிவில் படபடவென்று வெடிப்புச் சத்தம் விழத் தொடங்கும். வேலை முடிந்ததும் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள்.

ஃபோமா, ராக்வூலா, இலவம்பஞ்சு மெத்தையா?

முதலில் வர வேண்டிய கேள்வி இதுதான்.

நான் முதலில் வாங்கியது ஃபோம். ஒரு இணையக் கடையில், சத்தம் வெளியே போகாது என்று போட்டிருந்தார்கள். ஒரு சுவர் முழுக்க ஒட்டினேன். மறுநாளும் மாடிவீட்டு மிக்ஸி மைக்கில் தெளிவாக விழுந்தது. ஒலியைத் தடுப்பதற்கு எடை வேண்டும். சுவரின் எடையை இரட்டிப்பாக்கினால்தான் ஆறு டெசிபல் போல் குறையும். காற்றடைத்த கடற்பாசி மாதிரி இருக்கிற ஃபோமுக்கு அந்தச் சக்தி ஏது? அது அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், அதுவும் மேல்ஸ்தாயியில் மட்டும். இரண்டு அங்குல ஃபோம் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதையும் செய்யாது. முட்டை அட்டை அதுகூடச் செய்யாது, தீப்பிடித்தால் மட்டும் நன்றாக எரியும்.

எங்கள் பத்துக்குப் பத்து அறையின் நிஜமான வியாதி அடிஸ்தாயியில் இருக்கிறது. அறை நீளத்தின் இரண்டு மடங்கு அலைநீளம் உள்ள ஒலி சுவர்களுக்கு இடையே சிக்கிக்கொள்ளும். பத்தடிக்கு அது சுமார் 57 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி என்றால் மூன்று சிக்கல்களும் ஒரே சுருதியில் வந்து குந்தும். பேஸ் கிட்டாரின் மூன்றாவது தந்தி, திறந்து மீட்டினால், 55 ஹெர்ட்ஸ். அந்த ஒரு தந்தி மட்டும் சுவரோரம் உறுமும். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் காணாமல் போகும். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துச் செய்கிறவர்கள் தவறுவது இங்கேதான். அவர்களுடைய உட்சுவர்கள் பெரும்பாலும் ஜிப்சம் பலகை. தாழ்ந்த ஒலி அதை அசைத்துக் கொஞ்சம் வெளியேறிவிடும். நம் செங்கல்லும் கான்கிரீட்டும் எதையும் விடாது. தெருச் சத்தம் உள்ளே வராமல் தடுப்பதில் அது வரம். ஜன்னல்தான் ஓட்டை.

ஆகவே ராக்வூல், அதாவது பாறையை உருக்கி இழையாக்கிய கம்பளி. கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியில் இரண்டு அங்குலப் பலகைகளை இரண்டிரண்டாக அடுக்கி, தச்சரிடம் சொல்லி ரீப்பர் கட்டையில் சட்டம் அடித்து, காடாத் துணியால் போர்த்தினோம். சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி மாட்டினோம். அந்த இடைவெளி பேஸை இழுப்பதற்கும் உதவுகிறது, ஐப்பசி கார்த்திகையில் சுவர் ஓதம் ஏறாமலும் காக்கிறது. மூலைகளுக்குத்தான் முதல் உரிமை. கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள், இரண்டு நாள் அரிக்கும். 57 ஹெர்ட்ஸை முழுசாக அடக்க இதுவும் போதாது. ஆனால் உறுமல் முனகலாகிவிட்டது. ஒட்டிய ஃபோமைவிட அதிகம் செலவாகவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

வாடகை வீடு, ஆணி அடிக்க முடியாது என்கிறவர்களுக்கு இலவம்பஞ்சு மெத்தை. சிரிக்காதீர்கள். பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் அதை நிமிர்த்தி நிறுத்துங்கள். பலர் மைக்குக்குப் பின்னால் தொங்கவிடுகிறார்கள், அந்தப் பக்கம் மைக்குக்கு ஏற்கெனவே காது கேட்காது. அது பார்த்துக்கொண்டிருப்பது பாடகரையும் அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரையும்தான். ஜன்னலும் ஃபேனும் மைக்கின் முதுகுப் பக்கம் வரட்டும். குரலுக்கு மட்டும் என்றால், மெத்தை என் ஃபோமைத் தோற்கடித்தது.

ஹெட்ஃபோனா, மானிட்டர் ஸ்பீக்கரா?

அறை இப்படி என்றால் பதில் தானாக வருகிறது. யமஹா எச்எஸ்5 போன்ற மானிட்டர் ஸ்பீக்கர் மேசையில் ஜோராக இருக்கும். ஆனால் நீங்கள் கேட்பது பாதி ஸ்பீக்கரை, பாதி அறையை. அறையைச் சரிசெய்யும்வரை ஹெட்ஃபோன்தான் உண்மை பேசும். பதிவுக்கு மூடிய ரகம் வேண்டும், இல்லாவிட்டால் காதில் ஓடும் சுருதிப்பெட்டி மைக்கில் கசியும். சோனி எம்டிஆர்-7506 எனக்குப் போதுமாக இருக்கிறது. பதிந்ததைக் கலந்து சமன்செய்யும் மிக்ஸிங் வேலைக்குத் திறந்த ரகம் இதம். சென்ஹைசர் எச்டி 600 ஆசைப்படலாம், 300 ஓம் என்பதால் சின்ன இன்டர்ஃபேஸ் அதை முழுசாக ஓட்டத் திணறலாம். நான் கடைசியில் காரிலும் போன் ஸ்பீக்கரிலும் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் அனுப்புவேன்.

மற்றவை

யுஎஸ்பி மைக்கா இன்டர்ஃபேஸா என்பதில் அலச அதிகமில்லை. தனியாகப் பேசவும் பாடவும் யுஎஸ்பி மைக் போதும். என்றைக்காவது வீணையையும் குரலையும் சேர்த்துப் பதிய ஆசை வந்தால் அது முட்டுச்சந்து. இரண்டு உள்ளீடு உள்ள இன்டர்ஃபேஸ் வாங்கிவிடுங்கள். ஹம் வந்தால் இன்டர்ஃபேஸைத் திட்டுவதற்கு முன் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். எர்த் இல்லாத பிளக்கின் கைங்கரியமாக இருக்கலாம்.

பதிவு மென்பொருளில் ரீப்பர் (தச்சரின் ரீப்பர் இல்லை). 60 நாள் சும்மா ஓட்டலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். மேக் வைத்திருந்தால் கராஜ்பேண்ட் இலவசம். ஆப்பிளின் கட்டண மென்பொருளான லாஜிக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எதை எடுத்தாலும் தானியங்கிச் சுருதித் திருத்தியைக் கர்நாடகப் பாட்டின் பக்கம் விடாதீர்கள். பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களில் ஒன்றுக்கு இழுத்து நிறுத்துவதுதான் அதன் தொழில். தோடியின் காந்தாரத்தைப் படிக்கட்டாக்கிவிடும்.

மிருதங்கத்தை மட்டும் இன்னும் வீட்டில் பதிவதில்லை. இடது பக்கமான தொப்பியில் எழும் கும்கியின் அடிஸ்தாயி முழக்கத்தை இந்த அறை மன்னிப்பதில்லை, கீழ்வீட்டுக்காரரும்தான். அதற்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்து வெளியே ஒரு ஸ்டூடியோவுக்குப் போகிறேன். வீணை விடியற்காலை நாலு மணிக்கு, ஃபேனை நிறுத்திவிட்டு, பால் வண்டி வருவதற்குள்.